வெள்ளைக்கால் ஈயின் வால் நுனி

"இனிக்குது" என்றார் என் வீட்டுக்காரர் குணா.

அது ஒரு சனிக்கிழமை காலை. கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுச் சமையலறை. பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீர் எங்கள் வாசல் கால்வாய்வரை ஓடி வந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கிளாஸ் தே ஓ, பாலில்லாத் தேநீர், கலக்கி மேசைமேல் வைத்திருந்தேன். அவருக்குச் சீனி இல்லாத கோசோங். எனக்கு இரண்டு கரண்டி சீனி போட்டது.

"என் கிளாஸை எடுத்துக் குடிச்சா இனிக்காம என்னங்க பண்ணும்?" என்றேன்.

"எப்பவும் எனக்குத்தானே முதல்ல கலக்குவே? முதல் கிளாஸ் இதுதானே?" அவர் கையில் இருந்தது இடப்பக்கம் வைத்த கிளாஸ்.

"அது ரெண்டாவது. முதல் கிளாஸ் இது." வலப்பக்கக் கிளாஸை அவர் பக்கம் தள்ளினேன்.

"யாரு வீட்லடி வலது பக்கத்துலேர்ந்து எண்ணுறாங்க? நீ ஃபேக்டரியை விட்டு இத்தனை வருஷமாச்சு, ஃபேக்டரி உன்னை விடல லா."

இரண்டு கிளாஸையும் வலமிருந்து இடம் ஒருமுறை பார்த்தேன். இந்தக் கிளாஸ்களைப் போலவே இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை சில மாதங்களுக்கு முன் ஒரு மேசைமேல் நான் வைத்திருந்தேன். அவற்றை நம்பி ஒரு கட்டுரை எழுதி, அது அச்சுக்குப் போகிற நிலையில் இருந்தது.

வலமிருந்து இடம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செனாய்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். மின்சுற்றுப் பலகைகளை நுண்ணோக்கி வழியே பார்த்து, பற்றவைத்த இடம் சரியா, விரிசலா என்று சொல்கிற வேலை. எங்கள் லைனில் பலகைகள் வலப்பக்கமிருந்து வந்து இடப்பக்கம் போகும். எது முதலில் வந்ததோ அது வலது. பத்தொன்பது வருடம். உட்கார்ந்தால் வலது, எழுந்தால் வலது. கழிவறையிலிருந்து திரும்பி வந்தாலும் கை நேராக வலப்பக்கம்தான் போகும்.

பிறகு தொழிற்சாலை லைனை மூடினார்கள். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வு வரைக்கும் மட்டும் படித்த எனக்கு, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பூச்சிச் சேகரிப்பு அறையில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. "நுண்ணோக்கியில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்?" என்று கேட்டார்கள். "நீங்க எழுந்திரிங்கன்னு சொல்ற வரைக்கும்" என்றேன். அந்த ஒரு பதிலில் எடுத்துக்கொண்டார்கள்.

என்னை எடுத்தவர் டாக்டர் கலைவாணி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் அவரை "டாக்டர்" என்பேன், அவர் என்னை "பத்மாக்கா" என்பார். ஈக்களைப் படித்து டாக்டர் ஆனவர். கோயிலில் என் நாத்தனார், "பத்மா டாக்டர்கிட்ட வேலை பாக்குறா" என்று சொல்லி வைக்க, ஒரு பெரியவர் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு என்னைத் துரத்தினார். ஈ டாக்டர் என்று விளக்கினேன். "ஈக்கெல்லாம் டாக்டரா, அலமாக்!" என்று அவர் மனம் நொந்து போனார்.

ஒரு ஈயை வர்ணிப்பது

எங்கள் ஈ வீட்டில் சாப்பாட்டில் உட்காரும் ஈ இல்லை. குளுவாங் பக்கத்து மழைக்காட்டில் ஓடை ஓரத்து ஈரப் பாறைகளில் நிற்கும் நீளக்கால் ஈ. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. வெயில் பட்டால் உடம்பு பச்சையாக மின்னும். ஆண் ஈ பெண் ஈயின் முன்னால் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தூக்கி ஆட்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குணா பெண் பார்க்க வந்த அன்று இப்படித்தான் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பல மாதம் தேடி எங்களுக்குக் கிடைத்த ஆண் ஈக்கள் இரண்டே இரண்டு. ஒன்றுக்கு முன்னங்கால் பாதம் வெள்ளை, மற்றதற்குக் கறுப்பு. கிடைத்த மீதி எல்லாம் பெண். பெண் ஈக்களை வைத்துக்கொண்டு இந்த வகையில் ஒன்றும் சொல்ல முடியாது.

என்ன ஈ என்று முடிவு செய்வது ஆண் ஈயின் வால் நுனி. அதன் ஆண் உறுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், வாரப் பத்திரிகை என்று கூச்சப்பட்டால் கதை நகராது. அந்த நுனியை வெட்டி, பொட்டாஷ் கரைசலில் சூடுபடுத்தினால் சதை கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். அதன் வடிவத்தை வரைவோம். பிறகு கிளிசரின் நிரப்பிய குட்டிக் குப்பியில் போட்டு, அந்த ஈ குத்தியிருக்கும் ஊசியிலேயே கீழே செருகிவிடுவோம். உடம்பும் வாலும் பிரியக் கூடாது. இந்தத் தொழிலின் முதல் பாடம் அது.

ரொம்ப காலத்துக்கு முன் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இந்தக் காடுகளிலிருந்து ஒரே ஒரு ஆண் ஈயை எடுத்துப்போய்ப் பெயர் வைத்திருக்கிறார். அவர் வரைந்த வால் நுனி ஒரு கொக்கி. அந்த ஈக்கு முன்னங்கால்கள் உடைந்து போயிருந்தன. அதனால் கொக்கி வால் ஈக்குப் பாதம் என்ன நிறம் என்று இத்தனை காலமாக யாருக்கும் தெரியாது.

எங்கள் இரண்டு வால்களில் ஒன்று அதே கொக்கி. மற்றது இரண்டாகப் பிளந்த முள்கரண்டி. யாரும் வரைந்ததே இல்லாத வடிவம். புதிய இனம்! என் குறிப்புப்படி முள்கரண்டி வெள்ளைப் பாதத்து ஈயினுடையது. கறுப்புப் பாதம் பழைய ஈ.

டாக்டர் துள்ளிக் குதித்தார். நான் ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் வர்ணனை எழுதினேன். எந்தக் காலில் எந்த இடத்தில் எத்தனை முடி, சிறகில் எந்த நரம்பு எங்கே வளைகிறது, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள். படங்கள் எல்லாம் நான் வரைந்தது. அதனால் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையதாக வர வேண்டும் என்று டாக்டர் பிடிவாதமாக இருந்தார். நடைபாதையில் ஒருத்தர், "டெக்னீஷியன் பேரு முன்னாலயா?" என்று என் காதுபடக் கேட்டார். கேட்கட்டும் என்று போனேன். ஆனால் குத்தியது.

வெள்ளைப் பாதத்து ஈக்குச் சிவப்புச் சீட்டு குத்தினோம். ஒரு பெயருக்கு உரிய ஆதார ஈ இதுதான் என்பதற்கு அடையாளம் அந்தச் சிவப்புச் சீட்டு. லத்தீனில் வெள்ளைக்கால் என்று பொருள் வருகிற பெயரை டாக்டர் தேர்ந்தெடுத்தார். "ஒருதடவ அச்சாயிட்டா மாத்த முடியாதுக்கா. பேரு தப்பா இருந்தாலும் தப்பாவே இருக்கும், அதுதான் சட்டம்" என்று அப்போது சொன்னார். தப்பாக எப்படி இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கிண்ணத்தின் கதை

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

இரண்டு குழிக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றில் வெள்ளையின் வால், இன்னொன்றில் கறுப்பின் வால். கிண்ணத்தின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் 1, 2 என்று எழுதினேன். பென்சிலால் சீட்டு எழுதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வை என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள், ஏனென்றால் ஸ்பிரிட் பட்டால் மை ஓடிவிடும். எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் மார்க்கர்தான், கை அதைத்தான் எடுத்தது.

வால்கள் சூட்டில் இருக்கும்போது தீயணைப்புப் பயிற்சி மணி அடித்தது. எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் வெயிலில் வரிசையாக நின்றோம். திரும்பி வந்து பார்த்தால் மேசையில் ஸ்பிரிட் சிந்தியிருந்தது. அவசரத்தில் என் முழங்கைதான் தட்டிவிட்டிருக்க வேண்டும். எண்கள் இரண்டும் நீலக் கறையாக ஓடிப்போயிருந்தன.

நான் பதறவில்லை. எங்கள் அறையில் எல்லாவற்றையும் இடப்பக்கமிருந்துதான் எண்ணுவார்கள். இடது ஒன்று, வலது இரண்டு. அப்படியே எடுத்துக் குப்பிகளில் போட்டேன். குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று இருந்தேன். எனக்கு அவ்வளவு நிச்சயம்.

எடுத்தது இடப்பக்கமிருந்து. வைத்தது? அந்தச் சனிக்கிழமை சமையலறையில் நின்றுகொண்டு இதைத்தான் என்னையே கேட்டேன். வைக்கும்போது என் கை எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தது? நினைவில் ஒன்றும் இல்லை. கைக்கு நினைவு இருந்திருக்கும், அது என்னிடம் சொல்லவில்லை.

மாறிப்போயிருந்தால் கட்டுரை முழுக்கத் தலைகீழ். முள்கரண்டி வால் கறுப்புப் பாதத்து ஈயினுடையது, அதுதான் புதிய இனம். நான் முடி முடியாக வர்ணித்த வெள்ளைப் பாதத்து அழகன், ரொம்ப காலமாகப் பெயர் உள்ள பழைய ஈ. கறுப்புக்கால் ஈ ஒன்று உலகம் உள்ளவரை வெள்ளைக்கால் என்ற பெயரைச் சுமந்துகொண்டு திரியும். அதுவும் என் பெயரோடு.

கடைசிப் பிழைதிருத்தத்துக்காக ப்ரூஃப் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

இருப்புக் கொள்ளவில்லை

அன்று நான் இரண்டு தடவை வீட்டைக் கூட்டினேன். துவைத்த துணியைத் திரும்பவும் துவைத்தேன். டாக்டருக்குப் போன் போடக் கைப்பேசியை எடுப்பேன், பெயரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். அந்த மாதக் கடைசியில் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேர்முகம். கையில் ஒரு கட்டுரை இருக்கிறது என்று நம்பி இருந்தார். ஒரு சந்தேகத்தைச் சொல்லி அவரையும் கலங்கடிப்பானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் எல்லாம் இல்லை. பயம். அவ்வளவுதான்.

பொட்டாஷில் வெந்த வாலை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியும் பயனில்லை. வழி ஒன்றே ஒன்று. இன்னொரு ஆண் ஈ வேண்டும். வெள்ளையோ கறுப்போ, ஒன்று கிடைத்து அதன் வாலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

"நாளைக்குக் காட்டுக்குப் போவணும்" என்றேன்.

"எந்தக் காட்டுக்கு?" குணா பத்திரிகையை இறக்கினார். அவர் வாரம் ஆறு நாள் வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டிப் போய் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தூக்க நாள்.

"குளுவாங் பக்கம். ஈ பிடிக்கணும்."

"இங்க பசார்ல மீன் கடைக்கிட்ட ஆயிரம் இருக்கே."

என் முகத்தைப் பார்த்தவர் பத்திரிகையை மடித்து வைத்தார். கார்ச் சாவி எங்கே என்று மட்டும் கேட்டார்.

ஓடையில்

ஞாயிறு காலை பழைய சாலை வழியே போனோம். இரண்டு பக்கமும் செம்பனை, அதை விட்டால் செம்பனை. லாயாங் லாயாங் ஊரில் தண்டவாளக் கடவைக்குப் பக்கத்தில் குணா காரை நிறுத்தி ரொட்டி சானாய் வாங்கினார். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அனுமதிக் கடிதம் என் பையில் இருந்தது. ஓடைக்கு இறங்கும்போது அட்டைகள் எங்களுக்காகவே காத்திருந்தன. கற்கள் வழுக்கின. அழுகின இலை வாசனையும் ஈர மண் வாசனையும். எனக்குப் பிடித்த இடம்தான், ஆனால் அன்று எல்லாமே எரிச்சலாக இருந்தது. ஒரு கல்லில் நிற்பேன், ஐந்து நிமிடம் ஆவதற்குள் அடுத்த கல்லுக்குத் தாவுவேன். இந்த ஈயைப் பிடிக்க அசையாமல் நிற்க வேண்டும். அன்று என்னால் அதுதான் முடியவில்லை.

பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. கிடைத்ததெல்லாம் பெண். வலையில் விழும் ஒவ்வொரு ஈயையும் உறிஞ்சு குழாயில் இழுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பேன், விட்டுவிடுவேன்.

"காணலைன்னா என்ன ஆவும்?" குணா ஒரு பாறையில் உட்கார்ந்து கழுத்தில் கொசுவை அடித்துக்கொண்டே கேட்டார்.

அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணம், மார்க்கர், மணி, ஸ்பிரிட். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லீங்க."

"சொல்லணும்தானே?"

"முதல்ல ஈ கிடைக்கட்டும். நான் பண்ணது சரின்னு தெரிஞ்சா எதுக்கு அவங்களைப் பயமுறுத்தணும்?"

அவர் "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. வலையை எடுத்துக்கொண்டு மேலே இருந்த பாறைக்குப் போய்விட்டேன்.

மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் எல்லா ஈயும் இலைக்கு அடியில் போய்விடும். அழுகை வரும்போல இருந்தது. அப்போது கீழே இருந்து குணாவின் குரல், ரகசியம் பேசுகிற குரல்.

"பத்மா. ஏய் பத்மா. சத்தம் போடாம வா. என் பூட்ஸ் மேல ஒருத்தன் நின்னுக்கிட்டுக் காலாட்டுறான்."

அவருடைய ரப்பர் பூட்ஸின் ஈர முனையில் பச்சையாக ஒரு புள்ளி. முன்னங்கால் தூக்கி ஆட்டுகிறது. பாதம் வெள்ளை.

கல்லில் முட்டி போட்டேன். தண்ணீரில் கை ஊன்றித் தவழ்ந்தேன். குழாய் நுனியை நீட்டி ஒரே இழுப்பு. குப்பிக்குள் வந்துவிட்டான்.

"இருபத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் என் கால்ல விழுந்திருக்க" என்றார் குணா.

முட்டி சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். மழை பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை

யாரும் வருவதற்கு முன் அறையைத் திறந்தேன். இந்தத் தடவை ஒரே ஒரு கிண்ணம். பென்சிலால் சீட்டு. வாலை வெட்டிப் பொட்டாஷில் போட்டுச் சூடேற்றியில் வைத்தேன். கால் மணி நேரம் ஆகும்.

கதவு திறந்து டாக்டர் கலைவாணி உள்ளே வந்தார். கையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, அனுப்பிட்டேன்! நேத்து மத்தியானமே ப்ரூஃபை அனுப்பிட்டேன். ரெண்டே ரெண்டு கமாதான் தப்பு. வாங்க சாப்பிடலாம்."

எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். சமையலறைத் தேநீரிலிருந்து ஓடைவரை ஒரே மூச்சில் சொன்னேன்.

"சும்மா விளையாடாதீங்கக்கா" என்றார் முதலில். அப்புறம் பொட்டலங்களை மேசைமேல் வைத்தார். "சனிக்கிழமையே தெரியுமா? ஏன் எனக்கு ஒரு கால் பண்ணல? ஒரே ஒரு கால். நேத்து மத்தியானம்தானேக்கா அனுப்பினேன்!"

"பயம் டாக்டர்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சூடேற்றியைக் காட்டி, "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சு. நீங்க பாருங்க."

"நீங்களே பாருங்க. உங்க ஈ."

வாலை எடுத்துக் கழுவி, கிளிசரின் சொட்டில் வைத்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். குவியத்தைத் திருப்பினேன். மங்கல் விலகியது.

கொக்கி. பழைய படத்தில் இருந்த அதே கொக்கி. வெள்ளைப் பாதம், கொக்கி வால்.

மாறித்தான் போயிருந்தது.

டாக்டர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இந்த ஈ பத்தி வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு. வால் எப்படி இருக்குன்னு தெரியாது."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான்."

அறையில் நாப்தலீன் வாசனை. அதற்கு மேலே சம்பல் வாசனை. இதை இப்படியே விட்டுவிடலாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. காட்டு ஈ. இன்னும் பத்து வருடம் யாரும் அந்த ஓடைப் பக்கமே போகாமல் இருக்கலாம். நேர்முகத்துக்கு இன்னும் மூன்று வாரம். என் பெயர் முதலில் அச்சாகும். நடைபாதையில் கேட்டவர் வாயை மூடுவார்.

சரி என்று சொல்ல என் வாய் துடித்தது. இதை மறைத்து என்னை உத்தமி ஆக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஒரு முழு நிமிடம் நானும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"டாக்டர்" என்றேன். "வெள்ளைக்கால்னு பேரு. காலு கறுப்பு. ஒருநாள் யாராவது பார்த்துச் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டும்கா."

"சிரிச்சாப் பரவால்ல. நம்பிட்டான்னா?"

அவர் நிமிர்ந்தார்.

"நம்ம படத்தை நம்பி, வெள்ளைக்கால் எதைப் பிடிச்சாலும் இதுதான் அந்தப் புது ஈன்னு எழுதுவான். அவன் எழுதுனதைப் பார்த்து இன்னொருத்தன் எழுதுவான். அத்தனை பேரும் சரியாத்தான் வேலை செஞ்சிருப்பாங்க. தப்பு மட்டும் நம்மளோடது."

டாக்டர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. துடைத்துக்கொண்டே வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார்.

அதற்கு அப்புறம்

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கட்டுரை நின்றது. அச்சுக்குப் போக ஒரு நாளே இருந்ததாம். டாக்டர் மூன்று வருட ஒப்பந்தம் கேட்டிருந்தார். ஒரு வருடம் கொடுத்தார்கள். அது என்னால்தான். அவர் இல்லை என்கிறார், நான் நம்பவில்லை. அடுத்த மாதங்களில் இருவரும் சேர்ந்து அதே ஓடையில் இரண்டு கறுப்புப் பாதத்து ஆண் ஈக்களைப் பிடித்தோம். இரண்டுக்கும் முள்கரண்டி வால். புதிய இனம் உண்மைதான், ஆள்தான் வேறு.

வர்ணனை முழுவதையும் முதலிலிருந்து எழுதினேன். இந்தக் கறுப்புக்கால் பயல் பார்க்கச் சுமார்தான். ஆனால் முடி எண்ண எண்ண ஒரு பாசம் வந்துவிடுகிறது. பெயருக்குக் காலை மட்டும் இழுக்காதீர்கள் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். திருத்திய கட்டுரையைத் திரும்ப அனுப்பி நாளாகிறது. இன்னும் பதில் இல்லை. நான் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே மூடுகிறேன்.

அந்தக் கடிதம்

அந்தத் திங்கட்கிழமைக்கே திரும்புகிறேன். டாக்டர் ஆய்விதழ் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தார். ஆங்கிலத்தில். கட்டுரையை நிறுத்துங்கள், இரண்டு மாதிரிகளின் உறுப்புகள் தங்களுக்குள் மாறிவிட்டன. அதுவரைக்கும் விரல் நிற்காமல் ஓடியது. எப்படி மாறின என்று எழுத வேண்டிய இடத்தில் நின்றது.

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"டெக்னீஷியன் கை தப்புன்னு எழுதிடுங்க டாக்டர். உண்மையும் அதுதான். உங்க பேரு கெடக் கூடாது. இன்டர்வியூ வேற வருது."

"எழுத முடியாதுக்கா."

"ஏன் டாக்டர்? நான்தானே சொல்றேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த இடத்தில்தான் வந்தது.

"இந்தப் பேப்பர்ல டெக்னீஷியன்னு யாருக்கா இருக்கா? பேரைப் பாருங்க. முதல்ல நீங்க, ரெண்டாவது நான். ரெண்டு ஆத்தர்தான் இருக்கோம். நல்லா வந்தா ஆத்தர், தப்பாப் போனா டெக்னீஷியனா? அப்படின்னா அன்னிக்கு நான் உங்க பேரை முன்னால போட்டதுக்கு என்ன அர்த்தம்?"

திரையில் பாதியில் நின்ற வரியைப் பார்த்தேன்.

அவர் திரும்பி ஒரே வரி அடித்தார். என்னால் அந்த ஆங்கிலத்தைப் படிக்க முடிந்தது. இந்தத் தவறு கட்டுரையாசிரியர்களாகிய எங்களுடையது. கீழே இரண்டு பெயர். பத்மா முதலில்.

"நீங்க அமுக்குங்க" என்று கணினி மவுஸை என் பக்கம் தள்ளினார்.

ப்ரூஃபில் என் பெயரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, கூடவே யாரோ வந்து இது உன் இடமில்லை, எழுந்திரு என்று சொல்லிவிடுவார்கள் என்று ஒரு பயமும் இருந்தது. அந்த ஒரு வரிக்குக் கீழே அதே பெயரைப் பார்த்தபோது அந்தப் பயம் இல்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். அமுக்கினேன்.